மூணு கோல் அடிச்சா ஃபார்மா? ஸ்ட்ரைக்கர் விஷயத்துல நாம பொத்தாம்பொதுவா பேசுற ஒரு வார்த்தை

வியாசர்பாடில ஒரு டீக்கடை வாசல்ல, ஒரு ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர பத்தி, அதாவது முன்னாடி நின்னு கோல் அடிக்கிறதே வேலையா இருக்குறவன பத்தி, நடந்த சண்டைலருந்து ஆரம்பிக்கிறேன். இருபது வயசு பையன் ஒருத்தன் போன்ல ஹைலைட்ஸ் காட்டிட்டு, "ரெண்டு மேட்ச்ல மூணு கோலுண்ணா, ஆளு ஃபார்முக்கு வந்துட்டான், இதுக்கு மேலயும் இந்தியா டீம்ல எடுக்கலன்னா கோச்சுக்கு கண்ணு தெரியலன்னுதான் அர்த்தம்"னான். பக்கத்துல பன்ன டீயில முக்கிட்டு இருந்தவர் ஒரு காலத்துல லீக் ஆடுனவராம். திரும்பிகூட பாக்காம, "போன மாசம் அவன மொக்கைன்னு திட்டுனது நீதான்டா"ன்னார்.

"அது போன மாசம்ணா."

"ஒரு மாசத்துல ஒருத்தன் கால் மாறிடுமா?"

பையன்கிட்ட பதில் இல்ல. நேர்மையா சொன்னா என்கிட்டயும் அப்ப இல்ல. யார பத்தின சண்டைங்கறது முக்கியமே இல்ல, பேர மட்டும் மாத்தி போட்டா எந்த சீசனுக்கும் பொருந்தும். ஃபார்ம், ஃபார்ம்னு எல்லாரும் பேசுறோம், ஆனா கோல் வந்தா ஃபார்ம் இருக்கு, வரலன்னா போச்சு, இதுக்கு மேல நம்மகிட்ட அளவுகோல் எதுவும் கிடையாது. அந்த அளவுகோல் எவ்ளோ ஏமாத்தும்ங்கறத புரிஞ்சிக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம், கேரம் போர்டு போதும்.

கேரம்ல எந்த காயின் சுலபம்?

பாக்கெட் வாயிலயே ஒரு காயின் உக்காந்திருக்குன்னு வைங்க. அத போடுறது பெரிய விஷயமில்ல, எங்க பாட்டிகூட போடுவாங்க. அதே காயின் போர்டு நடுவுல, முன்னாடி ரெண்டு காயின் மறைச்சுட்டு நிக்கிற மாதிரி இருந்தா, ரெண்டு தடவ உலக சாம்பியன் ஆன நம்ம ஊர் மரிய இருதயமே கேரம் ஸ்ட்ரைக்கர கொஞ்சம் நகத்தி வச்சு யோசிச்சிட்டுதான் அடிப்பார். இப்ப ரெண்டு பேர் ஆளுக்கு நாலு காயின் போட்டிருக்காங்கன்னு மட்டும் உங்ககிட்ட சொல்றேன், யார் நல்லா ஆடுறாங்கன்னு சொல்லுங்க பாப்போம். முடியாதுல்ல? என்ன மாதிரி காயின் கெடச்சுது, எத்தன தடவ அடிச்சாங்க, இது தெரியாம நாலுங்கற நம்பர வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

ஃபுட்பால்ல இந்த யோசனைய நம்பரா மாத்துனதுதான் எக்ஸ்ஜி. எக்ஸ்பெக்டட் கோல்ஸோட சுருக்கம் அது. இதே மாதிரி இடத்துலருந்து, இதே மாதிரி நிலைமையில, முன்னாடி அடிச்ச ஆயிரக்கணக்கான ஷாட்டுல எவ்ளோ பங்கு கோலாச்சுன்னு பாத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு மதிப்பு போடுவாங்க. கோல் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். 11 மீட்டர்ல பந்த வச்சு கீப்பர மட்டும் எதுக்க நிக்கவிட்டு அடிக்கிற பெனால்டிக்கு மதிப்பு கிட்டத்தட்ட 0.75-லருந்து 0.8. நாலு அடிச்சா மூணு உள்ள போகும். 25 மீட்டர் தள்ளியிருந்து எதுக்க ரெண்டு டிஃபெண்டர் நிக்கும்போது அடிக்கிற ஷாட் நூறுல நாலஞ்சு தேறுனாலே பெருசு. ஸ்டேண்ட்ல உக்காந்து "அடிரா, அடிரா"ன்னு நாம கத்துறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை ஷாட்டுக்குத்தான், அத மறந்துறக்கூடாது.

ஒண்ணு கவனிங்க. எக்ஸ்ஜிங்கறது அடிச்சவனுக்கு போடுற மார்க் இல்ல, அவனுக்கு கெடச்ச காயினோட மதிப்பு. சென்னைல இந்த வார்த்தைய சொன்னாலே "லேப்டாப் கோச்சு வந்துட்டாரு"ன்னு கலாய்க்கிறவங்க பாதி பேர் இத மாத்தி புரிஞ்சிட்டு இருக்காங்க.

பதினஞ்சு ஷாட் கணக்கு

தாயம் விளையாடியிருப்பீங்க. தாயம் விழவே மாட்டேங்குது, அஞ்சு தடவ உருட்டியும் வரல, எதிராளி காயெல்லாம் சுத்தி வந்துட்டு இருக்கு. வயிறு எரியும், ஆனா தாயக்கட்டை ஃபார்ம்ல இல்லன்னு யாரும் சொல்ல மாட்டோம். விழுற நேரத்துல விழும்னு தெரியும்.

ஸ்ட்ரைக்கர் தாயக்கட்டை இல்ல, மனுஷன், சரி. ஆனா கோல் விஷயத்துல தாயத்தோட குணம் நாம நெனைக்கிறத விட ரொம்ப அதிகம். கணக்கு போட்டே பாத்துடலாம். ஒரு ஸ்ட்ரைக்கர் மேட்சுக்கு மூணு ஷாட் அடிக்கிறான், சராசரியா பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் விழுது. அடிச்ச ஷாட்டுல எவ்ளோ பங்கு கோலாகுதுங்கறத கன்வர்ஷன் ரேட்னு சொல்வாங்க, இவனுக்கு அது 10 சதவீதம். அஞ்சு மேட்ச்னா பதினஞ்சு ஷாட். இவன் ஆட்டத்துல ஒரு துளிகூட மாற்றமே இல்லன்னு வச்சிட்டாலும், இந்த மாதிரி அஞ்சு மேட்ச் தொடர் நூறு எடுத்தா, கிட்டத்தட்ட இருபதுல ஒரு கோல்கூட இருக்காது. அதே நூறுல ஒரு பதினெட்டுல மூணோ அதுக்கு மேலயோ கோல் இருக்கும்.

திரும்ப ஒருதடவ படிங்க, இதுதான் இந்த விஷயத்தோட முடிச்சே. அதே ஆளு, அதே காலு, அதே பூட்ஸு. அஞ்சுல ஒரு தடவ அவன "முடிஞ்சான்"னு சொல்வோம், கிட்டத்தட்ட அதே அளவு தடவ "தீப்பொறி"ன்னு சொல்வோம், ரெண்டு தடவையும் அவன் ஒண்ணுமே மாறல.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்"னு நம்மாளுங்க இங்கதான் மடக்குவாங்க. சோத்துக்கு அது சரி, ஏன்னா பானைல எல்லா அரிசியும் ஒரே தண்ணில ஒரே தீயில வேகுது. ஷாட் அப்படி வேகுறதில்ல, ஒண்ணு டிஃபெண்டர் கால்ல பட்டு திரும்பும், ஒண்ணு போஸ்ட்ல அடிக்கும், ஒண்ணு கீப்பர் தூங்கிட்டு இருக்கும்போது உருண்டு உள்ள போகும். அதனால ஒரு சோறு பத்தாது, நிறைய சோறு எடுத்து பாக்கணும். எத்தன எடுத்து பாத்தோம்ங்கற எண்ணிக்கைதான் சாம்பிள் சைஸ். மூணு மேட்ச், நாலு மேட்ச் எல்லாம் ரொம்ப சின்ன சாம்பிள்.

இன்னொரு கூத்தும் இருக்கு. கோல் வரண்டு கெடக்குறவனுக்கு தானா திரும்ப கோல் விழ ஆரம்பிக்கும், ஏன்னா அவன் வழக்கமான சராசரிக்கு வந்து சேருறான், அவ்ளோதான். ஆனா அதுக்கு முந்தின வாரம் அவன் முடிவெட்டிருந்தா முடிவெட்டுனதால, கோவிலுக்கு போயிருந்தா சாமி புண்ணியத்தால, கோச் கத்தியிருந்தா கோச் கத்துனதால. எல்லாருக்கும் பங்கு போகும், தாயக்கட்டைக்கு மட்டும் எதுவும் கிடையாது.

இதுவரைக்கும் பேசுனத சுருக்கிடுறேன். கோல் எண்ணிக்கைய மட்டும் பாக்காம, எந்த மாதிரி வாய்ப்பு, எத்தன ஷாட்னு பாக்கணும், ஒரு கை விரல்ல எண்ணுற அளவு மேட்ச வச்சு ஏத்தவும் கூடாது எறக்கவும் கூடாது.

அப்போ ஃபார்ம்னு ஒண்ணு இல்லவே இல்லையா?

இருக்கு. இதெல்லாம் படிச்சிட்டு ஃபார்மே பொய்னு கெளம்புற ஆளுங்களும் இருக்காங்க, அதுவும் தப்பு.

காசிமேட்டுல ஒருத்தர் நாலு நாள் போயும் வல காலியா திரும்புறார்னா, மீன் பிடிக்கத் தெரியலன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கடல் அப்படின்னு விட்டுடுவாங்க. ஆனா அவர் கடலுக்கே போகலன்னா, இல்ல ஆழத்துக்கு போக வேண்டியவர் கரையோரமாவே சுத்திட்டு வர்றார்னா, அது வேற பிரச்சனை. ஸ்ட்ரைக்கருக்கும் அப்படித்தான். கோல் அடிக்காதது கடலோட வேல. ஷாட் அடிக்குற எடத்துக்கே போகாம இருக்குறதுதான் நிஜமா ஃபார்ம் போறது.

அத ஸ்டேண்ட்லருந்தே பாக்கலாம், கம்ப்யூட்டர் வேணாம். நேரு ஸ்டேடியத்துல அடுத்த தடவ போனா ஒரு பத்து நிமிஷம் பந்த பாக்காம ஸ்ட்ரைக்கர மட்டும் பாருங்க. நல்லா இருக்குறவன் பந்து வர்றதுக்கு முன்னாடியே டிஃபெண்டர் முதுகுக்கு பின்னாடி நழுவுவான், ஓரத்துலருந்து கிராஸ் வரும்போது முன் போஸ்ட்டுக்கு ஓடுற மாதிரி ரெண்டடி வச்சிட்டு பின்னாடி நிப்பான், பந்தே வராத ஓட்டத்த திரும்ப திரும்ப ஓடுவான். அந்த ஓட்டத்துல பத்துல ஒண்ணுக்குத்தான் பந்து வரும், மத்த ஒம்போதுக்கு நாம கை தட்ட மாட்டோம். ஃபார்ம் போனவன் பந்து தேடி நடு மைதானம் வரைக்கும் எறங்கி வருவான், பாக்குறதுக்கு உழைக்கிற மாதிரியே இருக்கும். கோலுக்கு முன்னாடி கோடு போட்ட பாக்ஸுக்குள்ள வந்தா ஒரே டச்சுல அடிக்க வேண்டியத ரெண்டாவது டச், மூணாவது டச்னு தள்ளுவான், அதுக்குள்ள எவனாவது கால வச்சிடுவான். பயம் காலுக்கு வர்றது அந்த எக்ஸ்ட்ரா டச்சுலதான்.

ஸ்பெயின் ஸ்ட்ரைக்கர் ஃபெர்னாண்டோ டோரஸ் கதை எல்லாருக்கும் தெரியும். 2011 ஜனவரி கடைசில 5 கோடி பவுண்டு குடுத்து இங்கிலாந்து கிளப் செல்சி வாங்குச்சு. மொத கோல் வர 903 நிமிஷம் ஆச்சு, ஏப்ரல்ல வெஸ்ட் ஹாமுக்கு எதிரா. பத்து மேட்சுக்கான நேரம் அது, இத முழுக்க தாயக்கட்டை மேல போட முடியாது. அதுக்கு முந்தின வருஷமே முட்டில ரெண்டு தடவ ஆபரேஷன் பண்ணியிருந்தார், டிஃபெண்டர தாண்டி ஓடுற அந்த மொத மூணு ஸ்டெப்புதான் அவரோட சொத்து, அதுதான் கொறஞ்சுது. கோல் வரலங்கறது ஒரே அறிகுறிதான், காரணம் ரெண்டு வகை: ஒண்ணு அதிர்ஷ்டம், அது தானா சரியாகும். இன்னொண்ணு உடம்போ மனசோ, இல்ல மேட்சே கெடைக்காம பெஞ்சுல உக்காந்திருக்குறதோ. அது தானா சரியாகாது.

நம்ம ஊர் ஜேஜே

சென்னையின் எஃப்சி ரசிகருக்கு இத விளக்க டோரஸ் தேவையே இல்ல, நம்ம ஸ்ட்ரைக்கர் ஜேஜே லால்பெக்லுவா போதும். 2017-18 இந்தியன் சூப்பர் லீக்ல, அதான் ஐஎஸ்எல்ல, 9 கோல், டீம் பெங்களூர அவங்க ஊர்லயே 3-2னு வீழ்த்தி கப்பு தூக்குச்சு. அடுத்த சீசன் முழுக்க சேத்து ஐஎஸ்எல்ல அவருக்கு ஒரே ஒரு கோல். ஆளு காலியா? டீம பாருங்க, போன வருஷ சாம்பியன் அந்த சீசன்ல 18 மேட்ச்ல ரெண்டே ரெண்டு ஜெயிச்சு, 9 பாயிண்டோட கடைசி எடம். டீமே படுத்துடுச்சுன்னா ஸ்ட்ரைக்கருக்கு பந்து எங்கருந்து வரும்? பாக்கெட் வாயில காயினே வராத போர்டுல உக்காந்தவன்கிட்ட ஏன் போடலன்னு கேக்குற கதை.

அந்த சீசன் நடுவுல, 2019 ஜனவரி 6, அபுதாபில ஆசிய கோப்பை, தாய்லாந்துக்கு எதிரா. கோச் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் ஜேஜேவ கடைசி பத்து சொச்சம் நிமிஷத்துக்கு எறக்குனார், எறங்கி ரெண்டு நிமிஷத்துல கோல். இந்தியா 4-1. அன்னிக்கு எங்க வீட்டு டிவி முன்னாடி உக்காந்து நானும் "ஜேஜே இஸ் பேக்"னு கத்துனவன்தான். ஆனா இப்ப யோசிச்சா, அது ஒரு ஷாட். கிளப்புல கோல் வராதப்ப அவர் முடிஞ்சிட்டார்னு சொன்னது எவ்ளோ அவசரமோ, அந்த ஒரு கோல வச்சு திரும்பிட்டார்னு சொன்னதும் அவ்ளோ அவசரம். அப்புறம் முட்டி காயம் வந்து 2019-20 சீசன் முழுக்க வெளிய உக்காந்தார், அதுதான் நிஜமான அடி.

போற போக்குல பெனால்டிய பத்தி ஒண்ணு. ஒருத்தன் அஞ்சு மேட்ச்ல நாலு கோல்னு போஸ்டர் வரும், உள்ள போய் பாத்தா ரெண்டு பெனால்டியா இருக்கும். அத தப்புன்னு சொல்லல, பெனால்டி அடிக்கவும் தில்லு வேணும். ஆனா டீம்ல பெனால்டி எடுக்குற வேல அடுத்தவன் கைக்கு போனா அந்த ரெண்டும் சேந்து போயிடும்.

தேசிய அணி வேற கணக்கு

இனிமேதான் டீக்கடை சண்டையோட ரெண்டாவது பாதி. ஃபார்மே நிஜம்னு வைங்க, அப்பவும் இந்தியா டீம்ல எடுத்துதான் ஆகணுமா?

ஹோட்டல்ல தெனம் சமைக்கிற மாஸ்டருக்கும், கல்யாண மண்டபத்துக்கு ரெண்டு நாள் ஆர்டர் எடுக்கறவருக்கும் உள்ள வித்தியாசம்தான் கிளப் கோச்சுக்கும் தேசிய கோச்சுக்கும். மண்டபத்துல அடுப்பு புதுசு, கூட நிக்கிற ஆளுங்க பாதி பேர் புதுசு, நேரம் கெடையாது. அங்க போய் புதுசா ஒரு அயிட்டம் முயற்சி பண்ணலாம்னு யாரும் யோசிக்க மாட்டாங்க, நம்பி ஒப்படைக்கக்கூடிய ஆளத்தான் கூட்டிட்டு போவாங்க. ஃபிஃபா வருஷத்துக்கு சில தடவ, மார்ச், ஜூன், செப்டம்பர் மாதிரி மாசங்கள்ல, கொஞ்ச நாள் ஒதுக்கும். அதுக்குப் பேர் இன்டர்நேஷனல் விண்டோ, அப்பதான் கிளப்புங்க வீரர்கள தேசிய அணிக்கு விட்டே ஆகணும். அந்த சில நாள்ல கோச் யாருக்கும் ஆட்டம் சொல்லிக்குடுக்க முடியாது, ஏற்கனவே தெரிஞ்சவங்கள வச்சு கோக்கத்தான் முடியும்.

அதனால அவர் கேக்குற கேள்வி "இப்ப யாரு கோல் அடிக்கிறா"ங்கறது இல்ல, "என் ஆட்டத்துல இந்த எடத்துல யாரு பொருந்துவா"ங்கறது. 2018 உலகக் கோப்பைல பிரான்ஸோட ஸ்ட்ரைக்கர் ஒலிவியே ஜிரூ டோர்னமெண்ட் முழுக்க கோல் போஸ்ட்டுக்குள்ள போற மாதிரி ஒரு ஷாட்கூட அடிக்கல, பிரான்ஸ் கப்பு ஜெயிச்சுது, மொத மேட்ச்ல பெஞ்சுலருந்து எறக்குனதோட சரி, அப்புறம் ஜிரூவ கோச் வெளிய உக்கார வைக்கல. டிஃபெண்டருங்கள இழுத்து புடிச்சு எம்பாப்பேவுக்கும் கிரீஸ்மானுக்கும் எடம் பண்ணிக்குடுக்குறதுதான் அவர் வேல. நம்ம டீக்கடைல ஜிரூ ஆடியிருந்தா மூணாவது மேட்ச்லயே டீ கெளாஸ் பறந்திருக்கும்.

ஜெர்மனி ஸ்ட்ரைக்கர் மிரோஸ்லாவ் குளோசே 2009-10 சீசன்ல பயர்ன் கிளப்புக்கு லீக்ல வெறும் 3 கோல். ஜெர்மனி கோச் கூட்டிட்டு போனார், 2010 உலகக் கோப்பைல 4 கோல். டோரஸ் கூட, செல்சில அவ்ளோ திட்டு வாங்கிட்டு இருந்த நேரத்துல, ஐரோப்பிய நாடுகள் மோதுற 2012 யூரோல 3 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்குனார், ஸ்பெயின் கப்பு ஜெயிச்சுது.

எல்லாத்துக்கும் அப்பன் இத்தாலி ஸ்ட்ரைக்கர் பாவ்லோ ரோஸி. மேட்ச் ஃபிக்ஸிங் கேஸ்ல ரெண்டு வருஷம் தடை, 1982 வசந்தத்துலதான் முடிஞ்சுது, யுவென்டஸ் கிளப்புக்கு லீக்ல மூணே மேட்ச் ஆடிட்டு உலகக் கோப்பைக்கு போறார். கோச் என்சோ பேர்சோட்ட கிழிச்சு தொங்கவிட்டாங்க. மொத நாலு மேட்ச்ல ரோஸிக்கு கோல் இல்ல. அஞ்சாவது மேட்ச் பிரேசில், ஹாட்ரிக். செமிஃபைனல்ல ரெண்டு, ஃபைனல்ல ஒண்ணு, மொத்தம் ஆறு, இத்தாலிக்கு கப்பு. பேர்சோட் நாலாவது மேட்சோட அவர நிறுத்தியிருந்தா யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க, அதுதான் பயங்கரம். ஆனா ரோஸி கதைய காட்டி யார வேணா எடுக்கலாம்னு வாதாடவும் முடியாது. நம்பி எடுத்து வீணாப்போன ஆளுங்களோட பட்டியல யாரும் கட்டுரைல எழுதறதில்ல, அதனால நம்ம ஞாபகத்துல இருக்குறது ரோஸி மட்டும்.

சுருக்கமா: கிளப் ஃபார்ம் தேசிய அணி கதவ தட்டுறதுக்கு உதவும். தொறக்குறது கோச்சோட ஆட்டத்துல ஒரு காலி எடம் இருந்தாத்தான்.

இந்தியாவோட தனி தலைவலி

நம்ம நாட்டுல இதுல இன்னொரு சிக்கல் சேருது. ஐஎஸ்எல்ல ஒரு டீம் ஒரே நேரத்துல நாலு வெளிநாட்டு வீரர்கள வரைக்கும் களத்துல வைக்கலாம்ங்கறது 2021-22 சீசன்லருந்து இருக்குற கணக்கு, அதுக்கு முன்னாடி அஞ்சு. கிளப்புங்க அந்த எடத்துல ஒண்ண பெரும்பாலும் யாருக்கு குடுக்குறாங்க? கோல் அடிக்கிற நடு ஸ்ட்ரைக்கருக்கு, அதாவது ஒம்போதாம் நம்பருக்கு. நம்ம பசங்க விங்குக்கு தள்ளப்படுறாங்க, ஓரமா ஓடி கிராஸ் போடுற வேல. நம்ம சென்னை நந்தகுமார் சேகரையே எடுத்துக்கோங்க, 2023 டியூரண்ட் கோப்பைல மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்கு அடிச்ச அந்த ஒத்தை கோலு யாரும் மறக்க முடியாது, ஆனா அவர் விங்கர், விங்குலருந்து உள்ள வெட்டி வந்து அடிச்ச கோலு அது. கிளப்புல வருஷம் பூரா விங்குல ஆடுறவன திடீர்னு இந்தியாவுக்கு ஒம்போதா நிறுத்துனா, அவனோட கிளப் ஃபார்ம் எதுக்கு அத்தாட்சி? வேற வேலைல நல்லா பண்ணுறாங்கறதுக்கு.

இதோட விளைவ 2025 மார்ச்ல எல்லாரும் பாத்தோம். இந்திய கேப்டன் சுனில் சேத்ரி 2024 ஜூன்ல குவைத் மேட்சோட, நாட்டுக்காக 94 கோல் அடிச்ச நிலைல ஓய்வு எடுத்தாச்சு. அந்த வருஷம் இந்தியா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. 40 வயசு சேத்ரி பெங்களூருக்கு ஐஎஸ்எல்ல கோல் மேல கோலா போட்டுட்டு இருந்தார், அந்த சீசன்ல மொத்தம் 14, இந்தியர்கள்ல அவர்தான் டாப். கோச் மனோலோ மார்க்கேஸ் திரும்ப கூப்பிட்டார், ஷில்லாங்ல மாலத்தீவுக்கு எதிரா 3-0, அதுல சேத்ரிக்கு 95-வது கோல். நம்ம பையன் அன்னிக்கு "பாத்தியா, வயசு வெறும் நம்பர்"னு ஸ்டேட்டஸ் வச்சிருப்பான். எனக்கென்னவோ அதுல பெருமைய விட கவலைதான் அதிகமா தெரிஞ்சுது. சேத்ரியோட ஃபார்ம் நிஜம், ஒரு சீசன் முழுக்க வந்த 14 கோல் சின்ன சாம்பிள் இல்ல. ஆனா அவர் திரும்பி வந்ததுக்கு பாதி காரணம் அவர் ஃபார்ம்னா, மீதி பாதி அந்த எடத்துல வேற யாரும் தெனம் ஆடி பழகலங்கறது.

போன வாரம் அதே டீக்கடைக்கு போனேன். பையன் மூஞ்சி தொங்கிப்போய் நின்னுட்டு இருந்தான், அவனோட ஆளு அதுக்கப்புறம் ரெண்டு மேட்ச்ல கோல் அடிக்கலயாம். "ஃபார்ம் போச்சுண்ணா"ன்னான்.

"எத்தன ஷாட்டு அடிச்சான்?"னு கேட்டேன்.

"அத யாருண்ணா எண்ணுனா?"

பெரியவர் பன்ன முக்கிட்டே, "ஏழு"ன்னார். "அஞ்சு பாக்ஸுக்குள்ள. ஒண்ணு போஸ்ட்டுல பட்டுச்சு."